வில்லியம் பென்: சட்டமாக எழுதியதும் வாக்காக விட்டதும்

கேள்வி இது: "பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென், அமெரிக்கப் பழங்குடி மக்களை ஏமாற்றாத காலனித் தலைவர் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். அவரே அடிமைகளை வைத்திருந்தார் என்று இன்னொன்றில் இருக்கிறது. எதை நம்புவது? அதோடு, அதிகாரத்துக்குத் தொப்பியைக்கூடக் கழற்ற மறுத்துச் சிறைக்குப் போன ஒரு குவேக்கருக்கு இங்கிலாந்து அரசர் அவ்வளவு பெரிய நிலத்தைக் கொடுத்தது ஏன்?"

இரண்டு புத்தகங்களும் உண்மையைத்தான் சொல்கின்றன. ஒன்றை நம்பினால் மற்றதைத் தள்ள வேண்டியதில்லை. இரண்டும் எப்படி ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தன என்பதற்கு அவருடைய அரசியலிலேயே விடை கிடைக்கிறது.

பென் எழுதிய இரண்டு வாசகங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 1681-இல், நிலம் கைக்கு வந்த சில வாரங்களில், நண்பர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்னது: எனக்கும் எனக்குப் பின் வருகிறவர்களுக்கும் தீங்கு செய்யும் அதிகாரமே இல்லாதபடி செய்துவிடப் போகிறேன், ஒரு தனி மனிதனின் விருப்பம் ஒரு நாட்டின் நன்மைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அடுத்த ஆண்டு அந்த நாட்டுக்கு அரசமைப்பை எழுதியபோது முன்னுரையில் சொன்னது: அரசுகள் கடிகாரங்களைப் போன்றவை, மனிதர்கள் முடுக்குகிறபடிதான் ஓடும், மனிதர்கள் நல்லவர்களாக இருக்கட்டும், அரசு கெட்டதாக இருக்க முடியாது.

முதல் வாசகம், எந்த மனிதனையும் நம்பி அதிகாரத்தை விட்டுவிடாதே என்கிறது. எழுதியவரும் அதில் அடக்கம். இரண்டாவது, நல்ல மனிதன் இருந்தால் போதும் என்கிறது. வாழ்நாள் முழுவதும் பென் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நின்றார். முதலாவதைக் கடைப்பிடித்த இடங்களில் அவர் செய்தது நிலைத்தது. இரண்டாவதை நம்பியிருந்த இடங்களில் மற்றவர்கள் விலை கொடுத்தார்கள்.

முதலில் குவேக்கர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1650-களில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற எளிய குடும்பத்து மனிதரைச் சுற்றி இங்கிலாந்தில் வளர்ந்த கிறிஸ்தவ இயக்கம் அது. தங்களை 'நண்பர்கள்' என்று அழைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறைவனின் ஒளி இருக்கிறது. ஆகவே பாதிரியார் வேண்டாம், சடங்கு வேண்டாம், அமைதியாகக் கூடி அமர்ந்தால் போதும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆயுதம் எடுக்க மாட்டார்கள். நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மாட்டார்கள். எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாகச் சத்தியம் எதற்கு என்பார்கள். யாருக்கும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். அக்கால ஆங்கிலத்தில் பெரியவர்களை அழைக்க ஒரு சொல், தாழ்ந்தவர்களையும் நெருங்கியவர்களையும் அழைக்க ஒரு சொல் என்று இரண்டு இருந்தன. நம்முடைய 'நீங்கள்', 'நீ' மாதிரி. குவேக்கர்கள் நீதிபதியையும் பிரபுவையும் 'நீ' என்றார்கள். நம் ஊரில் ஒரு பண்ணையாள் தன் பண்ணையாரை நேருக்கு நேர் 'நீ' என்று அழைத்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு, ஆயிரக்கணக்கான குவேக்கர்கள் ஏன் சிறையில் கிடந்தார்கள் என்பது புரியும்.

பென் அந்த எளிய மக்கள் கூட்டத்தில் பிறந்தவர் அல்லர். 1644 அக்டோபர் 14 அன்று லண்டன் கோபுரக் கோட்டைக்கு அருகில் பிறந்தார். தந்தையும் ஒரு வில்லியம் பென். கடற்படைத் தளபதி, 1655-இல் ஸ்பெயினிடமிருந்து ஜமைக்காவைப் பிடித்த படையில் கப்பல்களை நடத்தியவர். உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத்தின் பக்கம் பணியாற்றிவிட்டு, காற்று மாறியபோது அரச குடும்பத்தின் பக்கம் சேர்ந்து, 1660-இல் 'சர்' பட்டமும் பெற்றார். அயர்லாந்தில் பறிமுதல் செய்யப்பட்ட நிலங்களிலிருந்து பண்ணை கிடைத்தது. மகனை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார். 1662-இல், நாட்டுத் திருச்சபையின் வழிபாட்டுக்கு அடங்காததற்காக மகனைப் பல்கலைக்கழகம் வெளியேற்றியது. தந்தை அவரை அடித்து வீட்டைவிட்டுத் துரத்தினார். பிறகு மனம் இளகி, நாகரிகம் கற்றுக்கொள்ளட்டும் என்று பிரான்சுக்கு அனுப்பினார். மகன் நல்ல உடையும் இடுப்பில் வாளுமாகத் திரும்பி வந்தபோது, பையன் வழிக்கு வந்துவிட்டான் என்றுதான் தந்தை நினைத்திருப்பார்.

1667-இல் குடும்பப் பண்ணையைக் கவனிக்க அயர்லாந்து சென்ற இளைஞர், கார்க் நகரில் தாமஸ் லோ என்ற குவேக்கர் பேசுவதைக் கேட்டார். உலகத்தை வெல்லும் நம்பிக்கை ஒன்று உண்டு, உலகத்தால் வெல்லப்படும் நம்பிக்கையும் ஒன்று உண்டு என்று லோ தொடங்கினார். பென்னுக்கு அப்போது வயது 22. அதன்பின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு இறையியல் துண்டுப் பிரசுரம் ஒன்றுக்காகக் கோபுரக் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். கருத்தைத் திரும்பப் பெறாவிட்டால் ஆயுள் முழுக்க உள்ளேதான் என்று சொல்லப்பட்டபோது, இம்மியளவு நகர்வதற்கு முன் இந்தச் சிறையே என் கல்லறை ஆகட்டும், என் மனசாட்சியை நான் எந்த மனிதனுக்கும் கடன்பட்டிருக்கவில்லை என்று பதில் அனுப்பினார். ஏறத்தாழ எட்டு மாதம் உள்ளே இருந்தார்.

அடுத்து வந்த வழக்கைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். பென்னின் அரசியல் முழுவதும் அந்த நீதிமன்ற அறையில் உருவானது என்பதே என் கருத்து.

1670 ஆகஸ்ட் 14. லண்டன் கிரேஸ்சர்ச் தெருவில் இருந்த குவேக்கர் கூடத்தைப் படைவீரர்கள் மூடிவிட்டார்கள். பென் தெருவிலேயே நின்று பேசினார். கலவரக் கூட்டம் கூட்டியதாக அவரையும் வில்லியம் மீட் என்ற வணிகரையும் கைது செய்து, செப்டம்பரில் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவர்கள் உள்ளே வரும்போது தலையில் தொப்பி இல்லை. ஊழியர் ஒருவர் கழற்றியிருந்தார். தொப்பியைத் தலையில் வை என்று மன்றம் உத்தரவிட்டது. வைத்தார்கள். இப்போது நீதிமன்றத்தின் முன் தொப்பியைக் கழற்றவில்லை என்று தலைக்கு 40 மார்க் அபராதம் போட்டார்கள்.

எந்தச் சட்டத்தின்கீழ் என்மேல் குற்றம் சாட்டுகிறீர்கள் என்று பென் கேட்டார். பொதுச் சட்டத்தின்கீழ் என்றார் நகர நீதி அதிகாரி ஹவல். அந்தச் சட்டம் எங்கே, காட்டுங்கள் என்றார் பென். இத்தனை ஆண்டுகால வழக்குகளையெல்லாம் உன் ஆவலுக்காக நான் எடுத்துச் சொல்ல முடியாது என்று எரிந்து விழுந்தார் ஹவல். பொதுவான சட்டம் என்றால் அதை எடுத்துக் காட்டுவது இவ்வளவு கடினமாக இருக்கக் கூடாதே என்றார் பென். அறையின் ஓரத்தில் இருந்த அடைப்புக்குள் அவரைத் தள்ளினார்கள். அங்கிருந்தும் ஜூரிகளை, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட குடிமக்களை, பார்த்துக் குரல் கொடுத்தார்.

ஜூரிகள் 12 பேர். வெளியே போய்க் கலந்து பேசிவிட்டு வந்து, கிரேஸ்சர்ச் தெருவில் பேசிய குற்றம் செய்தார் என்றார்கள். அவ்வளவுதான், 'கலவரக் கூட்டம்' என்ற சொற்களைச் சேர்க்க மறுத்தார்கள். தெருவில் பேசுவது குற்றமே அல்ல. நீதிபதிகளில் ஒருவராக அமர்ந்திருந்த லண்டன் மேயரும் ஹவலும் கொதித்தார்கள். எட்வர்ட் புஷல் என்ற ஜூரிதான் இதற்கெல்லாம் காரணம் என்று அவரை மிரட்டினார்கள். சரியான தீர்ப்பு வரும்வரை உணவு, தண்ணீர், நெருப்பு, புகையிலை எதுவும் கிடையாது என்று 12 பேரையும் பூட்டி வைத்தார்கள். சிறுநீர் கழிக்கப் பாத்திரம் கேட்டும் கொடுக்கவில்லை. இரண்டு இரவுகள் இப்படிக் கழிந்தன. நீங்கள் ஆங்கிலேயர்கள், உங்கள் உரிமையை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள் என்றார் பென். ஒருபோதும் விட மாட்டோம் என்றார் புஷல். திங்கட்கிழமை காலையில் வந்த தீர்ப்பு: குற்றவாளிகள் அல்லர்.

விடுதலை கிடைக்கவில்லை. தொப்பி அபராதத்துக்காகப் பென்னையும் மீட்டையும், தவறான தீர்ப்பு சொன்னதற்காக ஜூரிகளையும் நியூகேட் சிறைக்கு அனுப்பினார்கள். புஷலும் வேறு சிலரும் அபராதம் கட்ட மறுத்து, வழக்கை மேலே கொண்டு போனார்கள். தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி வான் முடிவு சொன்னார். ஆங்கிலச் சட்டம் பரவிய நாடுகளிலெல்லாம் ஜூரிகளின் சுதந்திரத்துக்கு அடித்தளம் அந்தத் தீர்ப்புதான்.

பென்னின் தந்தை அப்போது மரணப்படுக்கையில் இருந்தார். என் விடுதலையை விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்று மகன் சிறையிலிருந்து எழுதினார். ஆனாலும் அபராதம் கட்டப்பட்டது. செப்டம்பர் 16 அன்று தந்தை இறந்தபோது மகன் அருகில் இருந்தார். வீட்டைவிட்டுத் துரத்திய தந்தை, போவதற்கு முன் மகனை ஏற்றுக்கொண்டார். அரசரின் தம்பி யார்க் பிரபுவிடம் மகனைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டும் வைத்தார். பின்னாளில் பென்னுக்குப் பெரிய உதவியாகவும் பெரிய ஆபத்தாகவும் முடிந்த வேண்டுகோள் அது.

அரசர் ஏன் நிலம் கொடுத்தார் என்பதற்கு இப்போது வருகிறேன். தளபதிக்கு அரசாங்கம் பட்டிருந்த கடன் ஏறத்தாழ 16,000 பவுண்டு. இரண்டாம் சார்லஸிடம் பணம் எப்போதும் தட்டுப்பாடு. பணத்துக்குப் பதிலாக டெலவேர் ஆற்றுக்கு மேற்கே நிலம் கேட்டார் பென். அரசருக்குக் கடன் தீர்ந்தது. தொல்லை தரும் குவேக்கர்களில் பலர் கடல் தாண்டிப் போவார்கள் என்பதும் கூடுதல் லாபம். யார்க் பிரபுவின் தயவும் சேர்ந்தது. 1681 மார்ச் 4 அன்று சாசனம் கையெழுத்தானது. காடு சூழ்ந்த நிலம் என்ற பொருளில் 'சில்வேனியா' என்று பென் பெயர் சொல்ல, அரசர் முன்னால் 'பென்' சேர்த்தார். தற்பெருமை என்று நினைப்பார்களே என்று பென் பதறி மாற்றச் சொல்லிப் பார்த்தார். உன் தந்தையின் நினைவாகத்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஏறத்தாழ 45,000 சதுர மைல் நிலத்துக்கு, போர் வேண்டாம் என்ற ஒரு 36 வயது மனிதர் உரிமையாளர் ஆனார்.

உரிமையாளர் என்ற சொல்லை அழுத்தியே சொல்கிறேன். இது அறப்பணி மட்டும் அல்ல, வியாபாரமும்தான். 5,000 ஏக்கர் 100 பவுண்டு என்று விற்றார். அதற்குமேல் ஆண்டுதோறும் 100 ஏக்கருக்கு ஒரு ஷில்லிங் நிலவரி. ஆனால் பணத்துக்கும் ஓர் எல்லை வைத்திருந்தார். பழங்குடி மக்களுடனான வணிகத்தை ஏகபோகமாகக் கொடுத்தால் 6,000 பவுண்டு தருவதாக ஒரு குழு வந்தது. கடனில் இருந்த அவர் மறுத்துவிட்டார். தூய்மையாக என் கைக்கு வந்ததை நான் அழுக்காக்க மாட்டேன் என்று நண்பருக்கு எழுதினார்.

1682-இல் எழுதிய அரசமைப்பு இன்று படித்தாலும் வியக்க வைக்கிறது. சட்டம் ஆள்கிற இடத்தில், அந்தச் சட்டத்தில் மக்களுக்கும் பங்கு இருக்கிற இடத்தில்தான் மக்கள் சுதந்திரமாக இருக்கிறார்கள் என்றார். இங்கிலாந்தில் ஏராளமான குற்றங்களுக்குத் தூக்கு இருந்த காலத்தில், மரண தண்டனையைக் கொலைக்கும் துரோகத்துக்கும் மட்டும் என்று சுருக்கினார். ஒரே இறைவனை நம்புகிற எவரையும் அவருடைய வழிபாட்டுக்காகத் துன்புறுத்தக் கூடாது. வழக்குகள் ஜூரியின் முன் விசாரிக்கப்பட வேண்டும். ஓல்ட் பெய்லியில் பட்ட ஒவ்வொரு காயத்துக்கும் இங்கே ஒரு பிரிவு இருக்கிறது.

ஆனாலும் நடைமுறையில் கையை முழுதாகக் கட்டிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. 72 பேர் கொண்ட மேலவை சட்டம் முன்மொழியும். 200 பேர் கொண்ட சட்டமன்றம் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லலாம். பெரிய நிலக்காரர்களை அவர் அதிகம் நம்பினார். குடியேறியவர்கள் முதல் ஆண்டிலிருந்தே இதை எதிர்த்தார்கள். நிலவரியையும் பலர் கட்டவில்லை. அவரைப் போலவே அதிகாரத்துக்கு வணங்காதவர்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து குடியேற்றிவிட்டு, அவர்கள் தன்னிடம் வணங்குவார்கள் என்று எதிர்பார்த்தார். கடவுள் பெயரால், என் பெயரால், அந்த ஏழை நாட்டின் பெயரால் கேட்கிறேன், இவ்வளவு அரசியல் செய்யாதீர்கள், இவ்வளவு சத்தம் போடாதீர்கள் என்று 1680-களில் இங்கிலாந்திலிருந்து எழுதினார். அந்தக் கடிதத்தில் தெரியும் வலி உண்மையானது. ஆனால் சரி அவர்கள் பக்கம்தான் இருந்தது.

இனி லெனாபே மக்கள். அரசரின் சாசனத்தின்படி நிலம் பென்னுடையது. அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் லெனாபேக்கள். கப்பல் ஏறுவதற்கு முன்பே, 1681 அக்டோபரில், அவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். என் நாட்டு அரசர் இந்த நிலத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் உங்கள் அன்போடும் சம்மதத்தோடும்தான் இதை அனுபவிக்க விரும்புகிறேன். உங்களுக்கு எங்கள் ஆட்கள் இழைத்த அநீதிகளை நான் அறிவேன் என்றது அந்தக் கடிதம். குடியேறியவருக்கும் பழங்குடியினருக்கும் தகராறு வந்தால் இரு தரப்பிலும் ஆறு ஆறு பேர் அமர்ந்து தீர்க்க வேண்டும் என்று விதி செய்தார். 1682-இல் 'வெல்கம்' கப்பலில் வந்தார். வழியில் பெரியம்மை பரவி, ஏறத்தாழ 100 பயணிகளில் 30 பேர் இறந்திருந்தார்கள். வந்தபின், அரசர் ஏற்கெனவே தனக்குக் கொடுத்த நிலத்தை லெனாபேக்களிடம் பகுதி பகுதியாக விலை கொடுத்து வாங்கினார்.

மொழிபெயர்ப்பாளரை நம்பியிருக்கக் கூடாது என்று அவர்களுடைய மொழியைக் கற்கத் தொடங்கினார். 1683-இல் எழுதிய நீண்ட கடிதம் ஒன்றில் சொற்களைப் பட்டியலிடுகிறார்: 'அன்னா' என்றால் தாய், 'நெதாப்' என்றால் நண்பன், 'போன்' என்றால் ரொட்டி. அவர்கள் சபை கூடும்போது அரைவட்டமாக அமர்வதையும், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கிசுகிசுக்கக்கூட மாட்டார்கள் என்பதையும் மரியாதையோடு விவரிக்கிறார். அமைதியாகக் கூடி அமர்வதையே வழிபாடாகக் கொண்டவருக்கு அந்தச் சபை அந்நியமாகத் தோன்றவில்லை.

ஷாக்கமாக்சன் என்ற இடத்தில் ஒரு பெரிய எல்ம் மரத்தடியில், தமனெந்த் என்ற தலைவரோடு அவர் நட்பு உடன்படிக்கை செய்துகொண்டார் என்பது மரபு. சத்தியம் செய்யப்படாத, முறிக்கப்படாத ஒரே ஒப்பந்தம் என்று பின்னாளில் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் அதைப் புகழ்ந்தார். அந்த உடன்படிக்கையின் எழுத்துப் பிரதி கைக்குக் கிடைக்கவில்லை. மணிகளால் கோத்த கச்சை ஒன்று இருக்கிறது, இரண்டு மனிதர்கள் கைகோத்து நிற்பதுபோல. பென் உயிரோடு இருந்தவரை வாக்கு காப்பாற்றப்பட்டது. அண்டைக் காலனிகளில் ரத்தம் ஓடியபோது படையோ கோட்டையோ இல்லாத பென்சில்வேனியாவில் அமைதி இருந்தது. இது சாதாரண சாதனை அல்ல. ஆனால் குடியேறியவர்களுக்குச் சட்டத்தைக் கொடுத்தவர், லெனாபேக்களுக்குத் தன் வாக்கைத்தான் கொடுத்தார். சட்டமன்றத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. தன் வாரிசுகள் அவர்களிடம் செய்யக்கூடிய தீங்கைத் தடுக்கும் ஒரு வரியும் எங்கும் இல்லை.

அண்டைக் காலனியான மேரிலாந்தோடு எல்லைத் தகராறு முற்றியதால் 1684-இல் இங்கிலாந்து திரும்பினார். யார்க் பிரபு 1685-இல் இரண்டாம் ஜேம்ஸ் என்ற பெயரில் அரசரானார். அரண்மனைக் கதவு பென்னுக்குத் திறந்தது. சிறைகளில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குவேக்கர்கள் வெளியே வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் தன் ஆணையால் மதச் சுதந்திரம் கொடுக்கப் போன கத்தோலிக்க அரசரை அவர் ஆதரித்தார். இங்கேயும் அதே தவறு: ஒரு தனி மனிதனின் நல்ல மனம் தருவதை, இன்னொரு தனி மனிதன் பறிக்கலாம். 1688 புரட்சியில் ஜேம்ஸ் ஓட, பென் துரோகச் சந்தேகத்துக்கு ஆளானார், சில காலம் தலைமறைவாக இருந்தார், 1692-இல் காலனியின் ஆட்சியையும் இழந்தார். 1694-இல் அது திரும்பக் கிடைத்தது. அந்த இருண்ட ஆண்டுகளில்தான், ஐரோப்பிய நாடுகள் ஒரு பொது மன்றத்தில் கூடித் தகராறுகளைப் பேசித் தீர்க்க வேண்டும் என்ற சிறு நூலை 1693-இல் எழுதினார். யார் முன்னால் நுழைவது என்ற சண்டை வராமல் இருக்க அறை வட்டமாக இருக்க வேண்டும், பல கதவுகள் வேண்டும் என்றுகூட யோசித்திருந்தார்.

பணம் அவர் கையில் நிற்கவில்லை. பிலிப் ஃபோர்ட் என்ற கணக்காளர் அவருடைய சக குவேக்கர். அவர் நீட்டிய காகிதங்களைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவது பென்னின் வழக்கம். வட்டிக்கு வட்டியாகக் கடன் ஏறி, கடைசியில் பென்சில்வேனியா முழுவதையும் ஃபோர்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் குத்தகைக்கு எடுத்தவர்போல இருந்தார். ஃபோர்ட் இறந்தபின் குடும்பம் வழக்குப் போட்டது. 1708-இல், 63 வயதில், பென் கடன்காரர் சிறைக்குப் போனார். நண்பர்கள் 7,600 பவுண்டு திரட்டி மீட்டார்கள்.

அடிமைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டெலவேர் ஆற்றங்கரையில் இருந்த பென்ஸ்பரி மாளிகையில் சுமார் 12 ஆப்பிரிக்க அடிமைகள் வேலை செய்தார்கள். 1684-இல் 'இசபெல்லா' என்ற கப்பல் 150 ஆப்பிரிக்கர்களை ஃபிலடெல்ஃபியாவில் இறக்கியபோது, நல்ல குவேக்கர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். அடுத்த ஆண்டு பென் தன் மேலாளருக்கு எழுதினார்: வேலைக்கு வைப்பவர்கள் கறுப்பர்களாக இருந்தால் நல்லது, அவர்கள் உயிரோடு இருக்கும்வரை நம்மிடம் இருப்பார்கள். இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துப் போகிறது. கோபத்தில் எழுதியது அல்ல. வீட்டு நிர்வாகத்தைப் பற்றிய சாதாரணக் கடிதம்.

அந்தக் காலம் அப்படி என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. 1688-இல், அவருடைய காலனியிலேயே, ஜெர்மன்டவுன் என்ற ஊரில், பாஸ்டோரியஸ் என்ற குடியேறி உள்ளிட்ட நான்கு பேர் கையெழுத்திட்டு, மற்றவர் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்களோ அதையே நீங்களும் செய்ய வேண்டும் அல்லவா, அதில் நிறம் ஏன் வருகிறது என்று குவேக்கர் கூட்டங்களுக்கு எழுதினார்கள். கூட்டங்கள் அதை மேலே மேலே தள்ளிவிட்டு, கடைசியில் கிடப்பில் போட்டன. 1700-இல், பென் பென்சில்வேனியாவிலேயே இருந்த ஆண்டில், கறுப்பர்களை ஜூரி இல்லாத தனி நீதிமன்றங்களில் விசாரிக்க ஒரு சட்டம் நிறைவேறியது. 12 பேர் பட்டினி கிடந்து காப்பாற்றிய மனிதரின் ஆட்சியில் இது நடந்தது. அடிமைகளின் திருமணத்தை ஒழுங்குபடுத்தவும் அவர் முயன்றார், சட்டமன்றம் மறுத்துவிட்டது. 1701-இல் ஓர் உயில் எழுதினார்: என் கறுப்பர்களுக்கு விடுதலை, முதியவர் சாமுக்கு 100 ஏக்கர், அவருக்கும் மனைவிக்கும் பிறகு பிள்ளைகளுக்கு என்றென்றைக்கும். அது நடைமுறைக்கு வரவே இல்லை. பின்னால் எழுதிய உயிலில் அந்த வாசகம் இல்லை. குடியேறியவர்களுக்குச் சட்டம், லெனாபேக்களுக்கு வாக்கு, அடிமைகளுக்குக் காகிதத்தில் நின்றுபோன ஒரு விருப்பம். அவருடைய மூன்று முகங்களும் இந்த வரிசையில் இருக்கின்றன.

அதே 1701-இல்தான் அவருடைய மிகச் சிறந்த செயலும் நடந்தது. காலனிகளை அரசு எடுத்துக்கொள்ளப் போகிறது என்ற செய்தி கேட்டு இங்கிலாந்துக்கு விரைய வேண்டியிருந்தது. சட்டமன்றம் 20 ஆண்டுகளாகக் கேட்டதைக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். அக்டோபர் 28 அன்று கையெழுத்தான உரிமைச் சாசனத்தின்படி, மக்கள் தேர்ந்தெடுத்த ஒற்றைச் சட்டமன்றமே சட்டம் இயற்றும். மனசாட்சிச் சுதந்திரம் பற்றிய முதல் பிரிவை மட்டும் எவராலும் எக்காலத்திலும் மாற்ற முடியாது. பென்னாலும் முடியாது, அவர் வாரிசுகளாலும் முடியாது. 20 ஆண்டுகளுக்கு முன் கடிதத்தில் சொன்ன வாக்கு அன்றுதான் சட்டமானது. 1776 வரை அந்தச் சாசனம் நின்றது.

1712-இல் பக்கவாதம் வந்து நினைவு மங்கியது. இரண்டாம் மனைவி ஹானா அவருக்குப் பதிலாகக் காலனியை நிர்வகித்தார். 1718 ஜூலை 30 அன்று பென் இறந்தார்.

பிள்ளைகள் தந்தையின் வழியில் நிற்கவில்லை. தாமஸ் பென்னும் சகோதரர்களும் கடனில் இருந்தார்கள், நிலம் விற்றாக வேண்டியிருந்தது. 1686-இல் உங்கள் முன்னோர் எழுதிக்கொடுத்தது என்று ஒரு பழைய காகிதத்தை லெனாபேக்களிடம் நீட்டினார்கள்: ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம்வரை நிலம். லெனாபேக்கள் நினைத்தது, பைப் புகைத்து, சாப்பிட்டு, இளைப்பாறி நடக்கும் நடை. 1737 செப்டம்பர் 19 அதிகாலையில் ரைட்ஸ்டவுன் குவேக்கர் கூடத்தின் அருகிலிருந்து, முன்கூட்டியே தேர்ந்தெடுத்துப் பழக்கிய மூன்று ஆட்கள், வெட்டிச் சீராக்கிய பாதையில் புறப்பட்டார்கள். இருவர் நடுவழியில் விழுந்தார்கள். எட்வர்ட் மார்ஷல் மட்டும் மறுநாள் நண்பகல்வரை ஓட்டமும் நடையுமாக 60 மைலுக்கு மேல் போனார். சாட்சியாக உடன் வந்த லெனாபேக்கள் முதல் நாளே வெறுத்துப்போய்த் திரும்பிவிட்டார்கள். அங்கிருந்து ஆற்றுக்கு நேர்க்கோடு போடாமல், நிலம் கூடுதலாகக் கிடைக்கும்படி சாய்த்துக் கோடு இழுத்தார்கள். லட்சக்கணக்கான ஏக்கர் போயிற்று.

19 ஆண்டுகள் கழித்து, லெனாபேக்களுக்கும் குடியேறியவர்களுக்கும் போர் மூண்டு எல்லைப்புறம் எரிந்துகொண்டிருந்தபோது, ஈஸ்டன் நகரில் பேச்சுவார்த்தை நடந்தது. ஆளுநர் போருக்கான காரணத்தைக் கேட்டார். குவேக்கர்கள் சிலரும் உடன் இருந்தார்கள். லெனாபே தலைவர் தீடியஸ்கங் எழுந்து காலால் தரையை உதைத்தார். வெகுதூரம் போக வேண்டாம், என் காலின் கீழே இருக்கும் இந்த மண்ணே என் நிலம், என் முன்னோர் சொத்து, மோசடியால் என்னிடமிருந்து பறிக்கப்பட்டது என்றார்.